உடல்நலப் பாடம்: மூட்டு வலியும் ‘இரத்த ஓட்ட’ மெசின்களும்



இங்கிலாந்துக்கு வந்து முதலாவது குளிர்காலத்தைக் காணும் உங்களில் பலர் எங்கள் அலுவலகத்துக்கு வேறு அலுவலாகத்தான் வருகிறீர்கள். ஹோம் ஒபீஸ் கடிதம் வாசிக்க வேண்டும், சொலிசிற்றருக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். எல்லாம் கதைத்து முடிந்து எழும்பும்போது கதிரையின் கைபிடியை ஊன்றிக்கொண்டு, “அக்கா, முழங்கால் பிடிச்சுக்கொண்டு விடுதில்லை. இந்தக் குளிருக்கு இரத்த ஓட்டம் குறைஞ்சு போச்சுது” என்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்து அடுத்த கேள்வி வரும்: “ஒரு மெசின் இருக்காம். காலை வைச்சால் இரத்தம் நல்லா ஓடுமாம், வாதம் போயிடுமாம். வாங்கலாமோ?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய அம்மாமாரும் ஐயாமாரும் அதிகம். ஆனால் முப்பது வயதுத் தம்பிமாரும் கேட்கிறார்கள். ஆகவே இந்த முறை பாடம் இதைப் பற்றியே.

இரத்த ஓட்டம் என்றால் என்ன?

இதயம் இரத்தத்தைத் தள்ளி விடுகிறது. அது நாடிகள் வழியாகப் பாதம் வரைக்கும் போகிறது. திரும்பி மேலே வருவதுதான் கஷ்டமான வேலை. அதைச் செய்து கொடுப்பது உங்கள் கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் நாளத்தைப் பிழிகிறது. நாளத்துக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை இரத்தத்தைக் கீழே இறங்க விடாமல் மறிக்கும். கிணற்றடியில் கைபம்பியை அடிக்க அடிக்கத் தண்ணி மேலே வருவது மாதிரி. அடிக்காமல் நின்றால் தண்ணி வராது. ஊரில் வளவு கூட்டி, சந்தைக்கு நடந்து, குந்தி எழும்பித் திரிந்த அம்மா, இங்கே ஹொஸ்ரல் அறையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கட்டில் ஓரத்தில் இருந்தால், பின்னேரம் கணுக்கால் வீங்கத்தான் செய்யும். அது பெரும்பாலும் பம்பி அடிக்காததால் வந்தது.

குளிர் பட்டால் தோலுக்குக் கிட்ட இருக்கும் சின்ன நாடிகள் ஒடுங்கிக்கொள்ளும். உடம்பின் நடுப்பகுதியைச் சூடாக வைத்திருக்க உடம்பு செய்யும் உபாயம் அது. அதனால்தான் விரல் நுனி குளிர்கிறது. வயது போகப் போக நாடிகளின் இழுபடும் தன்மை குறையும், தசை மெலியும், குளிரை உணர்வதும் குறையும். வயதானவர் “எனக்குக் குளிரேல்லை” என்று சொன்னாலும் அறை குறைந்தது 18 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் தங்குமிடப் பொறுப்பாளருக்கு அறிவித்து, அறிவித்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

ஆக, ‘இரத்த ஓட்டம்’ என்று ஆட்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பிழை எங்கே வருகிறது என்றால், எல்லா நோவுக்கும் அந்த ஒரு பெயரையே வைக்கும்போது.

ஒரு சொல், பல வருத்தம்

எங்கள் தமிழில் ‘வாதம்’ என்ற சொல் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. மூட்டுவாதம் வாதம். கை கால் இழுத்து விழுத்தும் பாரிசவாதமும் வாதம். சின்ன வயதில் வந்து இதயத்தைத் தாக்கும் வாதக்காய்ச்சலும் வாதம். நான் உதவிக்குப் போன ஒரு இடத்தில் ஒரு ஐயா வைத்தியரிடம் “எனக்குப் பத்து வருஷமா வாதம்” என்றார். ரெலிபோனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைப் பாரிசவாதம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். வைத்தியர் அவரின் கையையும் முகத்தையும் அரை மணித்தியாலம் பரிசோதித்தார். முழங்காலைப் பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

‘விறைப்பு’ அடுத்த சிக்கல். மூட்டு இறுகி மடக்க முடியாமல் இருப்பதையும் விறைப்பு என்கிறோம், தொட்டால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப் போவதையும் விறைப்பு என்கிறோம். வைத்தியருக்கு இவை இரண்டும் இரண்டு வருத்தம். முதலாவது மூட்டில். இரண்டாவது நரம்பில், சில வேளை நீரிழிவில். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராக இருந்தால் ‘நாரி நோகுது’ என்பது அவருக்கு விளங்காது. ‘இடுப்புக்குப் பின்பக்கம்’ என்று சொல்லுங்கோ. ‘கால்’ என்று மட்டும் சொல்லாமல் பாதமா, குதிக்காலா, கணுக்காலா, கெண்டைக்காலா, முழங்காலா என்று பிரித்துச் சொல்லுங்கோ.

எந்த நோவு என்பதை ஓரளவு நீங்களே கவனித்து வைக்கலாம். மூட்டுத் தேய்வு பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல், முழங்கால், இடுப்பு மூட்டு, பெருவிரல் அடி போன்ற இடங்களில் வரும். வேலை செய்தால் கூடும், ஆறினால் குறையும். காலையில் இறுக்கம் இருந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். றூமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் என்பது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள்சவ்வையே தாக்கும் வருத்தம் அது. எந்த வயதிலும் வரும், பெண்களுக்குக் கூட வரும். இரண்டு கையிலும் விரல் மொழிகள் ஒரே மாதிரி வீங்கும், கை குலுக்கினாலே நோகும். காலையில் எழும்பி ஒரு மணித்தியாலம் ஆனாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாது. இது குளிரால் வந்ததும் இல்லை, இரத்தம் ஓடாமல் வந்ததும் இல்லை.

குளிரில் விரல் பால் போல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து குத்துகிறதா? அதற்கு ரேனோ என்று பெயர். இது உண்மையிலேயே இரத்த ஓட்டம் சம்பந்தமான விஷயம். பலருக்கு ஆபத்தில்லாதது. கையுறை, தடித்த மேசு, புகைத்தலை நிறுத்துவது போதும். ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், அல்லது மூட்டு வீக்கமும் தோல் இறுக்கமும் சேர்ந்து வந்தால், லூபஸ் போன்ற வருத்தத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டு, திரும்ப நடந்தால் பிடிக்கிறதா? அது கால் நாடி அடைப்பாக இருக்கலாம். அதையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

மாமியின் கதை

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என்னுடைய மாமிக்கு றூமற்றோயிட் வருத்தம். ஆஸ்பத்திரியில் மெதோட்றெக்சேற் குளிசை கொடுத்திருந்தார்கள். கிழமைக்கு ஒருநாள் போடுவது. இரண்டு வருஷம் நல்லாக இருந்தா. பிறகு தெரிந்த ஒருவர் வீட்டில் ஒரு கூட்டம் என்று கூப்பிட்டார்கள். காந்தப் படுக்கை ஒன்றில் இருபது நிமிஷம் படுக்க வைத்தார்கள். இளஞ்சூடு, மெல்லிய அதிர்வு. “பிள்ளை, சொர்க்கம் மாதிரி இருந்தது” என்று வந்து சொன்னா. விற்றவர் சொன்னது: இரத்தம் சீராக ஓடினால் வாதம் தானாகப் போகும், இங்கிலிஸ் மருந்து ஈரலைக் கெடுக்கும், மெதுவாக நிப்பாட்டுங்கோ. ஆயிரம் பவுணுக்கு மேல். தவணைக் காசு.

மாமி எங்களுக்குச் சொல்லாமலே மருந்தை நிப்பாட்டிவிட்டா. முதல் மாதம் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் அந்த மருந்தின் வேலை உடம்பில் கொஞ்சக் காலம் நிற்கும். அதனால் படுக்கைதான் சுகப்படுத்துகிறது என்று நம்பிவிட்டா. ஐந்தாவது மாதம் வலது கை விரல்கள் வீங்கி ஒரு பக்கம் சரியத் தொடங்கின. திரும்ப மருந்து தொடங்கினோம். வீக்கம் வற்றியது. சரிந்த விரல் நிமிரவில்லை. அரிந்து போன எலும்பு திரும்ப வளராது. இப்போது அவ தேங்காய் துருவுவதில்லை.

அந்தப் படுக்கை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அவவுக்கு அதில் படுத்த நேரம் சுகமாகத்தான் இருந்தது. மருந்தின் இடத்தில் அதை வைத்ததுதான் நட்டம். துணை வைத்தியம் என்று சொல்வதன் கருத்து, பக்கத்தில் நிற்பது. நாற்காலியைப் பறித்துக்கொண்டு இருப்பது துணை இல்லை.

மெதோட்றெக்சேற் பாவிக்கும் வாசகர்களுக்கு இன்னொரு சொல்: அது கிழமைக்கு ஒருதரம் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று கலண்டரில் குறித்து வையுங்கோ. நிப்பாட்ட வேண்டும் என்று நினைத்தால் முதலில் ஆஸ்பத்திரியில் கதையுங்கோ. கர்ப்பமாக விரும்பும் பெண்கள் முன்னமே சொல்ல வேண்டும்.

மெசின்கள் என்ன செய்கின்றன?

கால் வைக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பவை. அதாவது நீங்கள் நடந்தால் கெண்டைக்கால் செய்யும் வேலையை, நடக்காமல் செய்ய வைக்கின்றன. நடக்கவே முடியாத ஒருவருக்கு அதில் கொஞ்சம் பிரயோசனம் இருக்கலாம். நடக்கக் கூடியவருக்கு நடை இலவசம்.

2022 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு மூட்டுத் தேய்வுக்குப் புதிய வழிகாட்டி வெளியிட்டது. அதில் முதலிடம் உடற்பயிற்சிக்கும், தேவைப்பட்டால் நிறை குறைப்புக்கும். தசையையும் நரம்பையும் மின்சாரத்தால் தூண்டுவது, அல்ட்ராசவுண்ட், லேசர் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றும், நன்மைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் வைத்தியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குளூக்கோசமீன் குளிசைக்கும் அதே தீர்ப்பு. செப்புக் காப்பு, காந்தப் பட்டி பற்றி யோர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 70 றூமற்றோயிட் நோயாளிகளை வைத்துச் சோதித்து 2013 இல் வெளியிட்டார்கள். உண்மையான காந்தமும் காந்தம் இல்லாத போலிப் பட்டியும் ஒரே மாதிரித்தான் இருந்தன. வலியையோ வீக்கத்தையோ வருத்தம் முற்றுவதையோ அவை குறைக்கவில்லை.

இருந்தும் ஏன் ஆட்களுக்குச் சுகம் தெரிகிறது? சூடு தசையைத் தளர்த்தும். அரை மணித்தியாலம் அமைதியாகப் படுப்பது நோவை மறக்கச் செய்யும். ஒருவர் அன்பாகக் கதைத்துக் கவனித்தாலே பாதி நோவு குறையும், அதுவும் தனியாக வந்து இருப்பவருக்கு. அதோடு மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும். ஏறி நிற்கும் நாளில்தான் நாங்கள் மெசின் தேடிப் போகிறோம், இறங்கும் நாளில் மெசினைப் புகழ்கிறோம்.

மின்சாரக் கால்தட்டை, பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், காலில் இரத்தக் கட்டி இருப்பவர்களும் பாவிக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோகிறது என்றால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை உருவக் கூடாது, மெசினிலும் வைக்கக் கூடாது. அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். உடம்பில் செல் துண்டு, சன்னம் உள்ளவர்கள் காந்தச் சாமான்களுக்கு முன்னும், ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னும் கட்டாயம் சொல்ல வேண்டும். “சின்னத் துண்டுதானே” என்று விடாதேங்கோ.

காசு விஷயம். 2024 இல் சமைத்துச் சாப்பிடும் தங்குமிடத்தில் இருக்கும் ஒரு அகதிக் கோரிக்கையாளருக்குக் கிழமைக்கு 49.18 பவுண் கொடுத்தார்கள். ஆயிரம் பவுண் என்பது அதில் இருபது கிழமைக் காசு, ஒரு பாண் கூட வாங்காமல். வீட்டிலோ, மண்டபத்திலோ, விற்பவரின் கடைக்கு வெளியே வைத்து 42 பவுணுக்கு மேல் விற்ற சாமானை, கையில் கிடைத்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் அறிவிக்க உங்களுக்குப் பொதுவாக உரிமை உண்டு. 2013 ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகள் அதைத் தருகின்றன. கடைக்குள் போய் வாங்கினால் இந்த உரிமை இல்லை. கையெழுத்து வைத்த கடதாசியைக் கொண்டு வாருங்கோ, நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். “நீங்கள் வாங்க வேண்டாம், நாலு பேரைச் சேர்த்து விடுங்கோ, கொமிசன் தாறோம்” என்று கேட்பார்கள். அது வேலை. கோரிக்கை முடிவாகாமல் இருக்கும் உங்களில் பெரும்பாலானோருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கும். ஒரு படுக்கை விற்றுக் கொடுத்ததற்காகக் கேஸைச் சிக்கலாக்காதேங்கோ.

எங்கள் எண்ணெயும் ஒத்தடமும்

இதில் நான் கண்டிப்பானவள் இல்லை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவி உருவுவது, உப்பைச் சீலையில் முடிந்து வறுத்து ஒத்தடம் கொடுப்பது, சித்தாலேப பூசுவது, எல்லாம் தேய்வு நோவுக்கும் தசைப் பிடிப்புக்கும் ஆறுதல் தரும். சூடு நாடியை விரிக்கும், தசையை இளக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சுடுதண்ணிப் போத்தல் சில பவுணுக்குக் கிடைக்கும், துவாயால் சுற்றிப் பாவியுங்கோ. ஆனால் மூட்டு சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும்போது சூட்டு ஒத்தடம் வேண்டாம், அப்போது குளிர் ஒத்தடமே நல்லது. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் காலடியில் சுடுதண்ணிப் போத்தல் வைக்கவே வேண்டாம். சுட்டு வெந்தாலும் தெரியாது. குளிரில் கால்விரல் சிவந்து கடித்தால் அது சில்பிளேன், ஹீற்றரில் நேரே காலை வைக்காமல் மெதுவாகச் சூடாக்குங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குளிசை போடுபவர்கள் வலித் தைலத்தை அள்ளி அள்ளிப் பூசக் கூடாது, அதில் இருக்கும் ஒரு பொருள் தோலால் உள்ளே போய் அந்தக் குளிசையின் வேகத்தைக் கூட்டும்.

வாயால் சாப்பிடும் தூளும் பற்பமும் செந்தூரமும் வேறு கதை. அமெரிக்காவில் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வில் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தன. லேபல் இல்லாமல் பார்சலில் வரும் ‘வாதத் தூள்’ இரண்டு நாளில் நோவைப் பறக்க வைத்தால் சந்தோஷப்படாதேங்கோ. இப்படியான தூள்களில் ஸ்ரீரோயிட் கலந்து பிடிபட்டிருக்கிறது. திடீரென்று நிப்பாட்டுவதும் ஆபத்து, ஆகவே பாக்கற்றோடு வைத்தியரிடம் போங்கோ. ஊரில் இருந்து கொண்டு வந்த வோல்ற்றரின் குளிசையும் அப்படியே. 2015 இல் இருந்து இந்த நாட்டில் அது வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கப்படுவதில்லை, இதயத்துக்கு ஆபத்து என்பதால்.

குளிர் என்று நினைத்தது குளிர் இல்லாமல் இருக்கலாம்

எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது. வைற்றமின் டி குறைந்தால் உடம்பெல்லாம் உளையும், தொடைத் தசை பலமிழக்கும், படி ஏறக் கஷ்டமாக இருக்கும். கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்கள் வருஷம் முழுவதும் தினமும் 10 மைக்கிறோ கிறாம் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அரசாங்க ஆலோசனை சொல்கிறது. பெட்டியில் 400 ஐ.யூ. என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். மலிவான குளிசை.

2006 இறுதியில் இலங்கையில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் வந்தவர்களில் சிலருக்கு மூட்டு நோவு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நின்றது. பிறகும் அந்த நோய் வந்து போயிருக்கிறது. உங்களுக்கு வந்திருந்தால் எந்த வருஷம் என்று சொல்லுங்கோ, இங்குள்ள வைத்தியர் தானாகக் கேட்க மாட்டார். நாரி நோவோடு இரவில் வியர்வை, மெலிவு, காய்ச்சல் இருந்தால் முள்ளந்தண்டில் சயரோகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நோவைப் பற்றி எழுதாமல் விட முடியாது. உள்ளங்காலில் அடி வாங்கியவர்கள், கையைப் பின்னால் கட்டித் தூக்கப்பட்டவர்கள் எங்களிடம் வருகிறார்கள். தோளும் பாதமும் நோகிறது என்றால், “குளிர்தான் அக்கா” என்று சொல்லிக் குனிந்துகொள்கிறார்கள். தம்பி, தங்கச்சி, அதைக் குளிர் என்று சொல்ல வேண்டாம். வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னால்தான் அவர் சரியான இடத்துக்கு அனுப்புவார். அடி வாங்கிய பாதத்தைப் பலமாக உருவுவதும் அதிர்வு மெசினில் வைப்பதும் நோவைக் கூட்டலாம். அத்தோடு வைத்தியர் எழுதி வைக்கும் குறிப்பு உங்கள் கேஸுக்கும் உதவக் கூடும், ஆகவே சொலிசிற்றருக்கும் சொல்லுங்கோ. முழுவதையும் ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டும் என்றில்லை. பெண் வைத்தியர் வேண்டும், ஆண் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை.

அறைக்குள் செய்யக் கூடியது

ஒரு கதிரை போதும். இருந்தபடி குதிக்காலை நிலத்தில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கோ, பிறகு விரலை ஊன்றிக் குதிக்காலை உயர்த்துங்கோ, பத்துப் பத்துத் தரம். இதுதான் அந்த மெசின் செய்யும் வேலை. மணித்தியாலத்துக்கு ஒருதரம் செய்யலாம். பிறகு முழங்காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கோ. பிறகு கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி மெதுவாக இருங்கோ. முதல் நாள் மூன்று தரம், கிழமைக்குக் கிழமை கூட்டுங்கோ. விழப் பயம் என்றால் கதிரையைச் சுவரோடு வையுங்கோ. விரல் நோவு உள்ளவர்கள் காலையில் இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் கையை வைத்து மெதுவாகப் பொத்தி விரிக்கலாம்.

நடை கிழமைக்கு மொத்தம் 150 நிமிஷம் என்பது இங்குள்ள கணக்கு. பத்து நிமிஷமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் நோவது பயப்பட வேண்டியதில்லை. அடுத்த நாளும் நோவு கூடி நின்றால் அளவைக் குறையுங்கோ. செருப்போடு பனியில் திரியாதேங்கோ, பிடிப்புள்ள அடி உள்ள சப்பாத்து வேண்டும். சரிட்டிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

வைத்தியரிடம் போவது

அகதிக் கோரிக்கையாளருக்கு ஜீ.பி. பதிவு இலவசம். இங்கிலாந்தில் பதிவதற்கு விசாவோ முகவரி அத்தாட்சியோ கட்டாயம் இல்லை. றிசெப்ஷனில் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் எங்களிடம் சொல்லுங்கோ. மருந்துக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் வேண்டும். ஹோம் ஒபீஸ் உதவியில் இருப்பவர்களுக்கு அது தரப்பட வேண்டும், மற்றவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்ப வேண்டும். முடியும் திகதியைப் பாருங்கோ. அதே சான்றிதழ் கண் சோதனைக்கும் பல்லுக்கும், ஜீ.பி. அனுப்பி ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பஸ் காசுக்கும் உதவும், ரிக்கற்றை எறியாதேங்கோ. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மருந்துச் சிட்டைக்கு யாருக்குமே காசில்லை. பல இடங்களில் ஜீ.பி. இல்லாமலே பிசியோதெரப்பிக்கு நேரே பதியலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கும் காசில்லை. அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே “ரமில் இன்ரப்பிறேற்றர், பிளீஸ்” என்று சொல்லுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க வைக்காதேங்கோ.

உள்ளே பத்து நிமிஷம்தான் கிடைக்கும். போகும் முன் ஒரு கடதாசியில் எழுதுங்கோ: எந்த மூட்டு, எப்போது தொடங்கியது, வீக்கம் உண்டா, காலை இறுக்கம் எத்தனை நிமிஷம், என்ன மருந்து, என்ன எண்ணெய், என்ன தூள். மூட்டு இறுக்கத்துக்கு ‘ஸ்ரிஃப்’, மரத்ததுக்கு ‘நம்’, வீக்கத்துக்கு ‘சுவெல்லிங்’. “மை ஹான்ட்ஸ் ஆர் ஸ்ரிஃப் போர் வன் அவர் எவ்ரி மோர்ணிங்” என்ற ஒரு வசனம், இரத்த ஓட்டம் என்று பத்து நிமிஷம் விளக்குவதை விட வைத்தியருக்கு உதவும். கை, கால் சின்ன மூட்டுகள் வீங்கியிருந்தால், இரத்தச் சோதனை சரியாக வந்தாலும் மூட்டு நிபுணரிடம் அவசரமாக அனுப்ப வேண்டும் என்பதே இங்குள்ள வழிகாட்டி. முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் விரலைக் காப்பாற்றலாம். “சோதனை நோர்மல், போட்டு வாங்கோ” என்றால், வீக்கத்தைக் காட்டி ‘றூமற்றோலொஜி’ என்று கேளுங்கோ. நல்லாக வீங்கிய நாளில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரி. நாரி நோவோடு தொடை இடுக்கு மரத்து, சலம் போவது கட்டுப்படாவிட்டால் உடனே அவசரப் பிரிவு. கால் வீக்கத்தோடு நெஞ்சு நோவோ மூச்சு முட்டோ வந்தால் 999. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 111, அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இரண்டும் இலவசம்.

அடுத்த கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது நீங்கள் பாவிக்கும் குளிசை, எண்ணெய், தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கோ. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, போத்தலைக் கொண்டு வந்தால் போதும். ஜீ.பி.க்குக் கொடுக்க ஆங்கிலத்தில் பட்டியல் எழுதித் தருவோம்.